கெட்டுப்போகாத குழாய்கள்

எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தவரை ஒருமுறை நான் நிறுத்திவிட்டேன். பால் கெட்டுப்போனது என்று நிறுத்தவில்லை. கெடவே இல்லை என்று நிறுத்தினேன். சிதம்பரத்தில் கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நேரம். காலையில் வாங்கிய பாலைக் காய்ச்ச மறந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்து மூடியைத் திறந்தால் பால் அப்படியே இருக்கிறது. திரியவும் இல்லை, புளிக்கவும் இல்லை. என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு "நல்ல பாலா இருக்கே" என்றார். "இதுல எதையோ கலந்திருக்கான்" என்றேன் நான். வீட்டில் எனக்குச் சந்தேகப் பிராணி என்று பெயர். வேலை பார்த்த இடத்திலும் அதே பெயர்தான். என்ன, அங்கே முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள்.

கடலூரில் ஒரு காசநோய் ஆராய்ச்சி ஆய்வகத்தில் வேலை பார்த்து 2012-இல் ஓய்வு பெற்றவள் நான். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். கருவிகளைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. என் காலத்தில் கனவில்கூட வராத கருவியெல்லாம் உங்கள் மேசைமேல் உட்கார்ந்திருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரே வித்தை சந்தேகப்படுவது. அந்த வித்தை ஒரு கோடையில் என்னை எங்கெல்லாம் இழுத்துக்கொண்டு போனது என்று சொல்கிறேன்.

சளியைக் குழாயில் இட்டு வளர்க்கும் வேலை உங்களுக்குத் தெரியும். பின்வரிசையில் தெரியாதவர் யாராவது இருந்தால் அவர்களுக்காக நாலு வரி. நோயாளி துப்பித் தரும் சளியில் காசநோய்க் கிருமி தனியாக வராது. வாயிலும் தொண்டையிலும் குடியிருக்கிற கண்ட கிருமியும் கூடவே வரும். அவை ஒன்றிரண்டு நாளில் பெருகி, கிருமி வளர்வதற்காகக் குழாயில் முட்டை கலந்து செய்த ஊடகத்தையே கூழாக்கிவிடும். காசநோய்க் கிருமியோ மகா சோம்பேறி, கண்ணுக்குத் தெரியவே வாரக்கணக்கில் ஆகும். அதனால் முதலில் சளியில் காரக் கரைசலை ஊற்றி, குறித்த நேரம் வைத்திருந்து, மற்ற கிருமிகளைக் கொல்கிறோம். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சில தப்பித்து வந்து குழாயைக் கெடுக்கும். நூற்றுக்குச் சில குழாய் கெடுவது எந்த ஆய்வகத்திலும் உள்ளதுதான். வெயில் காலத்தில் இன்னும் ஜாஸ்தி.

2008-ஆம் வருடக் கோடை. மின்வெட்டு வேறு. சிதம்பரம், புவனகிரி, குறிஞ்சிப்பாடி என்று ஊர் ஊராகச் சளி மாதிரிகளை வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவருபவர் எங்கள் களப்பணியாளர் அந்தோணி. அவர் வந்து சேர்வதற்குள் பாதி ஐஸ் தண்ணீராகியிருக்கும். குழாய்கள் சகட்டுமேனிக்குக் கெட்டுக்கொண்டிருந்தன. என்னுடையவை கெட்டன, எனக்கு அடுத்த மேசைக்காரருடையவை கெட்டன. தனலட்சுமி போட்ட குழாய்கள் மட்டும் கெடவில்லை.

தனலட்சுமியைத் தனம் என்று கூப்பிடுவோம். முந்தைய ஆண்டு மழைக்காலத்தில் வேலைக்குச் சேர்ந்த பெண். கடலூருக்குப் பக்கத்தில் மீன்பிடிக் குடும்பம். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த காலனி வீட்டிலிருந்து சைக்கிளில் வருவாள். அண்ணாமலை நகரில் நுண்ணுயிரியல் படித்தவள். ஒப்பந்த வேலை. ஆண்டு முடிவில் நீட்டித்தால் உண்டு, இல்லையென்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அதிகம் பேசமாட்டாள். அவள் மேசையைப் பார்த்தால் அப்போதுதான் கடையிலிருந்து வந்து இறங்கியது போல இருக்கும்.

எங்கள் ஆய்வகப் பொறுப்பாளர் இதற்கு ஒரு விளக்கம் கண்டுபிடித்தார். "தனத்துக்குக் கைராசி" என்றார். நான் முதலில் அவர் வேடிக்கைக்குச் சொல்கிறார் என்றே நினைத்தேன். ஆனால் நாளாக ஆக வெகுதூரத்திலிருந்து வரும் மாதிரிகளை எல்லாம் அவள் மேசைக்கே அனுப்ப ஆரம்பித்தார். மற்றவர்கள் புதுப்பெட்டி ஊடகத்தைத் திறக்கும்போது முதல் குழாயை அவளைத் தொட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். துணிக்கடையில் போணி பண்ணுவது போல ஆகிவிட்டது. அறிவியல் படித்தவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து இதைச் செய்தோம் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரிக்காதீர்கள். மனிதருக்குப் பிடித்த விடை கிடைத்துவிட்டால் அப்புறம் கேள்வி கேட்கத் தோன்றாது.

எனக்குத் தோன்றியது. கத்திரி வெயிலில் கடலூரில் எந்த வீட்டு இட்லி மாவும் மதியம் வரை தாங்கவில்லை. இவள் குழாய் மட்டும் எப்படித் தாங்கும்? வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ரகம் நான் இல்லை.

என் முதல் சந்தேகம் கேவலமான சந்தேகம். கெட்ட குழாய்களை யாருக்கும் தெரியாமல் தூக்கிப் போட்டுவிடுகிறாள் என்று நினைத்தேன். கழிவுக் குழாய்களை நீராவியில் வேகவைத்துத்தான் வெளியே அனுப்புவோம். அந்தத் தட்டுகள் உள்ளே போகுமுன் நான் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன், ஏதோ வேறு வேலையாக வந்தவள் மாதிரி. அவள் போட்டது எத்தனை, குழாய்களை வளரவிடும் சூட்டறையில் இருப்பது எத்தனை என்று ஒப்பிட்டுப் பார்ப்பேன். எல்லாம் சரியாக இருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை.

அந்தோணி என்னைக் கவனித்துவிட்டார். "என்னா மேடம், சிஐடி வேலையா?" என்றார். "அந்தப் பொண்ணு நல்லா வேல செய்யிறது ஒரு குத்தமா?"

தனமும் கவனித்திருந்தாள். ஒருநாள் நேராக என் எதிரே வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"மேடம், எதுவா இருந்தாலும் எங்கிட்டயே கேளுங்க. குப்பத்தட்டுல போயி என்னா தேடுறீங்க? மடியில கனம் இருந்தாத்தான வழியில பயம்? எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

"ஒரு குழாயும் கெடலையே, எப்படிம்மா?" என்று கேட்டேன்.

"சுத்தமா செய்யிறன் மேடம். சுத்தமா செஞ்சா கெடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்தச் 'சுத்தமா' என்ற சொல்லை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

திருட்டு இல்லை என்பது உறுதியானது. ஆனால் சந்தேகம் போகவில்லை, இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. புதிய நோயாளிகளின் சளியில் கிருமி மண்டிக்கிடக்கும். அதை விதைத்தால் குழாய் முழுக்க ரவையை அள்ளிக் கொட்டியது போல வளரவேண்டும். தனத்தின் குழாய்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வளர்ந்திருந்தது. தாமதமாகவும் வளர்ந்தது. வளர்ந்திருக்கிறதா என்று கேட்டால் வளர்ந்திருக்கிறது. அறிக்கையில் அது போதும். பார்க்கிற கண்ணுக்குப் போதவில்லை.

இந்த நேரத்தில்தான் அந்தோணி ஒரு செய்தி கொண்டுவந்தார். குறிஞ்சிப்பாடியில் கைலி நெய்கிற குமரவேல் என்ற இளைஞர், எங்கள் ஆய்வில் சேர்ந்து மருந்து சாப்பிட்டுவந்தவர். சிகிச்சையின் முடிவில் எடுத்த சளியில் கிருமி வளரவில்லை என்று தனத்தின் குழாய்கள் சொல்லிவிட்டன. மருந்தை நிறுத்தலாம் என்று அவருக்கு வாய்வார்த்தையாகத் தகவலும் போய்விட்டது. அவருடைய மனைவிக்குப் பிரசவமாகித் தாய்வீட்டில், புவனகிரியில் இருந்தாள். பெண் குழந்தை. நோய் இருக்கும்வரை குழந்தைக்குப் பக்கத்தில் போகக்கூடாது என்று நாங்கள்தான் சொல்லிவைத்திருந்தோம். மனிதர் அதுவரை குழந்தையை மாமனார் வீட்டு வாசற்படியில் நின்றபடி பார்த்ததோடு சரி.

"வைகாசி வளர்பிறையில நாள் பாத்துட்டாங்க மேடம்" என்றார் அந்தோணி. "அடுத்த வாரம் புதன்கெழம தாயையும் புள்ளையையும் அழைச்சிகிட்டு வர்றாங்க. ஆளு சந்தோஷத்துல தரையில நிக்கல." பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "ஆனா ராத்திரில இன்னும் இருமுறாருன்னு பக்கத்து வூட்டுல சொல்றாங்க."

அந்த மனிதரின் சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தவள் நான்தான். ஒன்றிரண்டு சிவப்புக் குச்சிகள் தென்பட்டன. தகட்டில் தெரிகிற கிருமி உயிரோடு இருக்கிறதா, செத்துப்போனதா என்று நுண்ணோக்கி சொல்லாது. குழாய்தான் சொல்லவேண்டும். குழாய் எதுவும் வளரவில்லை என்கிறது.

பொறுப்பாளரிடம் போனேன். "மருந்து சாப்பிடுறவர் மேடம். மருந்து கொன்ன கிருமி, பொணமா வெளிய வருது. நீங்க பாத்தது பொணம்" என்றார். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. சிகிச்சையில் இருப்பவர்களுக்கு அது சகஜம்தான். ஆனால் அவர் அறையைவிட்டு வெளியே வந்ததும் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. கிருமி செத்தது வாஸ்தவம். அதைக் கொன்றது மருந்தா, நாமா?

மறுநாள் முழுக்கத் தனத்தின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். காரணம் எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள். குறையே சொல்லமுடியாத வேலை. கரைசல் ஊற்றியது, கடிகாரம் பார்த்தது, நேரத்தில் அடுத்த கட்டத்துக்குப் போனது எல்லாம் விதிமுறைப்படி. தேர்வு வைத்திருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். எனக்கே என்மேல் கொஞ்சம் வெறுப்பு வந்தது.

வாரக்கடைசிக்குள் அன்றைய குழாய்களில் சில கெட்டுப்போயின. பச்சை ஊடகம் கரைந்து, நாற்றம் எடுத்து, மற்ற எல்லோருடைய குழாய்களையும் போலவே. ஆய்வகமே சிரித்தது. பொறுப்பாளர் என்னைப் பார்த்து, "நீங்க பக்கத்துல உக்காந்தீங்க, ராசி போயிடுச்சு பாருங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் உட்கார்ந்திருந்த நாளில் கெடுகிறது, நான் இல்லாத நாளில் கெடுவதில்லை. அப்படியென்றால் நான் இல்லாத நாளில் அவள் வேறு ஏதோ செய்கிறாள். தனம் அந்தக் கெட்ட குழாய்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவற்றை யார் கண்ணிலும் படாமல் தட்டின் பின்வரிசைக்குத் தள்ளினாள். கெட்டுப்போன குழாய்க்கு யாராவது இப்படிப் பயப்படுவார்களா?

புதனுக்கு இரண்டு நாள் இருந்தது. எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. நேராகக் கேட்டால் "விதிமுறைப்படிதான் செய்யிறன்" என்பாள். அவளிடமும் தப்பில்லை. ஏற்கெனவே ஒருமுறை அவளைத் திருடியாக நினைத்துக் குப்பைத்தட்டைக் கிளறியவளிடம் யார் மனசைத் திறப்பார்கள்?

மதியம் வேப்பமரத்தடியில் அவள் சாப்பிட உட்கார்ந்தபோது நானும் என் டிபன் பாக்ஸோடு போய் உட்கார்ந்தேன். அவள் திறந்தாள். தயிர்சாதம், எலுமிச்சை ஊறுகாய். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பெண்ணை நான் பார்க்கும்போதெல்லாம் தயிர்சாதம்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கடலில் வலை போடுகிற வீட்டுப் பெண்.

"ஏன்டி, மீனே கொண்டாற மாட்டியா? வீட்டுல செய்யிறதில்லையா?" என்று கேட்டேன். வேறு எந்தத் திட்டத்தோடும் கேட்கவில்லை, அந்த நேரத்தில் வாயில் வந்தது.

அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "மொத மாசம் கொண்டாந்தன் மேடம். அப்பறம் நிறுத்திட்டன்."

"ஏன்?"

ஊறுகாயைச் சோற்றின் ஓரத்துக்குத் தள்ளினாள். பிறகு தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். "மொத மாசம் நான் போட்டதுல ஒரு தட்டு பூரா கெட்டுப்போச்சு. நீங்க அப்ப லீவுல இருந்தீங்க. சார் சூட்டறைக் கதவத் தெறந்தாரு. 'என்னம்மா, உங்க ஊர்ல கருவாடு காயப்போட்ட மாதிரி நாறுது'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சன் மேடம். என்னா பண்றது."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. இப்போது சொல்லும்போதும் ஏறுகிறது. படித்த வாய் எவ்வளவு சுலபமாக ஒருத்தியை ஒரே வரியில் அவள் வாசலுக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது பாருங்கள். அதே வாய்தான் பிறகு கைராசி என்றும் சொன்னது.

"அதுக்கப்பறம் ஒரு குழாய்கூட கெடக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டியாக்கும்?" என்றேன்.

"ஆமா மேடம்."

"காரத்துல கூடுதல் நேரம் வச்சியா?"

அவள் டிபன் பாக்ஸை மூடினாள். அழ ஆரம்பித்தாள். அதுவே பதில்.

"கொஞ்சம்தான் மேடம் கூட்டுனன். ஒண்ணும் கெடல. வெயில் வந்ததும் இன்னும் கொஞ்சம் கூட்டுனன். காசநோய்க் கிருமி தாங்கும்னு நெனச்சன். பாசிடிவ் எல்லாம் வளந்துச்சே மேடம்."

கிருமி மண்டிக்கிடந்த சளியில் பெரும்பகுதி செத்தும் மிச்சம் வளர்ந்தது. அதுதான் அந்த அங்கொன்று இங்கொன்று. குமரவேலைப் போலக் கொஞ்சமே கிருமி மிச்சமிருப்பவருக்கு என்ன ஆகியிருக்கும்? அந்தக் கொஞ்சமும் காரத்தில் வெந்திருக்கும். ஒருவேளை மருந்திலேயே செத்துமிருக்கலாம். இரண்டில் எது என்று சொல்ல உலகத்தில் யாராலும் முடியாது. புது மாதிரி எடுத்து வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் ஆகும். குழந்தை நாளை மறுநாள் வீட்டுக்கு வருகிறது.

குமரவேலைப் பற்றித் தனத்திடம் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அன்று அவள் அழவில்லை.

நான் மட்டும் பொறுப்பாளர் அறைக்குப் போனேன். தொலைவிலிருந்து வந்த மாதிரிகளுக்குத் தந்த, கிருமி இல்லை என்ற அறிக்கைகள் அனைத்தையும் நிறுத்தவேண்டும், அந்த நோயாளிகளிடம் மீண்டும் சளி வாங்கவேண்டும் என்றேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைமையகத்திலிருந்து பார்வையிட வருகிற நேரம் அது.

"உங்க சந்தேகத்துக்கெல்லாம் ரிப்போர்ட்ட நிறுத்த முடியாது மேடம். ஆதாரம் இருக்கா?"

"கிருமியைக் காரத்துல அதிக நேரம் வச்சிருக்கோம்."

"யார் வச்சது? தனமா?"

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள், பிள்ளைகளே. 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே தனத்தை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள், அறிக்கைகளும் நின்றிருக்கும். சுலபமான வழி. ஆனால் மறுநாளிலிருந்து அந்த ஆய்வகத்தில் ஒருத்தரும் தான் செய்த தப்பை வாய்திறந்து சொல்லியிருக்க மாட்டார்கள்.

"என்ன நடந்ததுன்னு கேளுங்க, எல்லாம் சொல்றேன். யாருன்னு கேட்டா என் வாயிலேருந்து வராது" என்றேன். "ஏன் நடந்ததுன்னும் கேளுங்க. கருவாடு காயப்போட்ட நாத்தம்னு யாரோ சொல்லிச் சிரிச்சாங்களாமே, அங்க ஆரம்பிச்சது."

அவர் முகம் மாறியது. "அது விளையாட்டுக்குச் சொன்னது" என்றார்.

"அந்த விளையாட்டுல எத்தனை பேருக்கு நோய் இல்லைன்னு சொல்லி அனுப்பினோம்னு எனக்குத் தெரியலை சார். உங்களுக்குத் தெரியுமா?"

அவர் மேசைமேலிருந்த அறிக்கைக் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கடைசியில், வெளியே போகாத அறிக்கைகளை நிறுத்திவைக்கலாம் என்றார். ஏற்கெனவே தகவல் போனவர்களை, "நீங்களே போய்ப் பாத்துக்கோங்க" என்றார். எனக்கு அதுவே போதும்.

மறுநாள் காலை அந்தோணியும் நானும் குறிஞ்சிப்பாடிக்குப் பஸ் ஏறினோம். பஸ் கதவருகே தனம் நின்றுகொண்டிருந்தாள். நான் கூப்பிடவில்லை. தானாக வந்திருந்தாள். "நீ வரவேணாம்" என்றேன். "நான் போட்ட குழாய் மேடம்" என்றாள்.

குமரவேல் வீட்டில் தறிக்குப் பக்கத்தில் புதுத் தூளித்துணி மடித்துவைத்திருந்தது. அவர் மாமனார் நல்லநேரம் பேச புவனகிரியிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் குமரவேலின் முகம் மலர்ந்துவிட்டது. வாழ்த்துச் சொல்ல வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார் போல. கலர் சோடா வாங்கிவர ஆள் அனுப்பப் போனார். நான் வேண்டாம் என்று சொல்லி விஷயத்தைத் தொடங்குவதற்குள் தனம் முந்திக்கொண்டாள்.

"அண்ணா, ஒங்க சளிய டெஸ்ட் பண்ணது நான்தான். அதுல ஒரு தப்பு பண்ணிட்டன். கிருமி இருந்திருந்தாலும் அது செத்துப்போற மாதிரி பண்ணிட்டன். அதனால இல்லன்னு வந்தத நம்ப முடியாது. மறுபடியும் சளி வேணும்."

மாமனார் எழுந்துவிட்டார். "என்னாம்மா வெளையாடுறீங்க? நோவு போயிடுச்சுன்னு நீங்கதான சொன்னீங்க? நாள் குறிச்சு, சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லியாச்சு. இப்ப வந்து இருக்குங்குறீங்களா?"

"இருக்குன்னு சொல்லலங்க" என்றாள் தனம்.

"அப்ப இல்லையா?"

"தெரியலங்க."

"தெரியலன்னு சொல்றதுக்கா ஒங்களப் படிக்க வச்சாங்க?" என்று கத்தினார் அவர். அந்தக் கோபத்தில் ஒரு நியாயம் இருந்தது.

குமரவேல் மாமனாரைக் கையமர்த்தினார். தனத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "ஒங்க வூட்டுக் கொழந்தையா இருந்தா நாளைக்கு அழைச்சிகிட்டு வருவீங்களாம்மா?"

தனம் என் பக்கம் திரும்பவில்லை. "வர மாட்டன்ணா" என்றாள்.

அவர் தூளித்துணியை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். மாமனார் ஏதோ சொல்லத் தொடங்கியபோது, "வுடு மாமா, கொழந்த எங்க போயிடப்போவுது" என்றார். அப்புறம் நாங்கள் கொண்டுபோன சளி டப்பாவை வாங்கிக்கொண்டு இருமப் போய்விட்டார். கொல்லைப்பக்கத்திலிருந்து அந்த இருமல் கேட்டது. அது எனக்குப் பிடிக்கவே இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் ஒன்றை யோசித்துக்கொண்டே வந்தேன். அந்தச் சளியில் ஒன்றும் வளராவிட்டால்? ஒரு வீட்டின் நல்ல நாளைச் சந்தேகத்தின் பேரில் கெடுத்தவள் ஆவேன். வளர்ந்தால், நல்லவேளை என்று நான் நிம்மதிப்படுவேன், அந்த மனிதருக்கோ நோய் இருக்கும். எதற்கு வேண்டிக்கொள்வது? சந்தேகப்படுகிறவர்களுக்கு இந்தத் தண்டனை உண்டு. தெரிந்துகொண்டு இந்த வேலைக்கு வாருங்கள்.

தனம் அந்தச் சளியைக் குறித்த நேரம் மட்டும் காரத்தில் வைத்து விதைத்தாள். மற்ற நோயாளிகளிடமும் திரும்பச் சளி வாங்கினோம். அந்தோணி ஒவ்வொரு வீட்டிலும் திட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அந்த மாதம் தனத்தின் குழாய்கள் எல்லோருடையதையும் போலக் கெட்டன. நாற்றமும் அடித்தது. ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. முதல் கெட்ட குழாயை எடுத்துவந்து என்னிடம் காட்டியபோது, "நல்லது, வேலை ஒழுங்கா நடக்குது" என்றேன். அந்த வாரத்திலிருந்து அவள் டிபன் பாக்ஸில் நெத்திலிக் குழம்பு வந்தது. நானும் ஒரு பங்கு வாங்கிக்கொள்வேன்.

ஆடி பிறந்த பிறகு ஒருநாள் காலை தனம் வந்து என் மேசைக்கு முன்னால் நின்றாள். கையில் ஒன்றும் இல்லை.

"வளந்துருக்கு மேடம்" என்றாள். சந்தோஷப்படுவதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. உள்ளே போய்ப் பார்த்தோம். குமரவேலின் குழாயில் வெளிர்மஞ்சளாக, சொரசொரப்பாக, சந்தேகத்துக்கே இடமில்லாமல் வளர்ந்திருந்தது. வழக்கமான மருந்துக்கு அது கட்டுப்படவில்லை என்பதும் பிறகு தெரிந்தது. மற்ற நோயாளிகளில் பெரும்பாலோர் குழாயில் ஒன்றும் வளரவில்லை. இன்னும் ஒன்றிரண்டு பேருக்கு வளர்ந்தது. அவர்களையும் திரும்பச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தோம்.

தனத்தின் ஒப்பந்தத்தை நீட்டிக்கும் நேரம் வந்தபோது பொறுப்பாளர் கொஞ்சம் தயங்கினார். நான் அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டார். எங்கள் ஆய்வகத்தில் அதற்குப் பிறகு கைராசி என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. தலைமையகத்துக்குப் போன அறிக்கையில் நடந்தது நடந்தபடி எழுதினோம், யார் என்று எழுதவில்லை.

குமரவேலுக்கு மருந்தை மாற்றினோம். கடுமையான மருந்து. வாந்தியும் மயக்கமுமாகப் படுத்தி எடுத்தது. தறியில் உட்காரவே முடியாமல் போன நாட்கள் உண்டு. வாரத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்துப் புவனகிரிக்குப் போவார், தெருவின் எதிர்ப்பக்கம் நின்று குழந்தையைத் தூக்கிக் காட்டச் சொல்வார், பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். குழந்தை குப்புற விழுந்ததையும் தவழ்ந்ததையும் தெருவுக்கு இந்தப் பக்கத்திலிருந்தே பார்த்தார். அவர் சளி ஒவ்வொரு முறை வரும்போதும் தனம் ஒரு செட், நான் ஒரு செட் என்று தனித்தனியாகப் போட்டோம். ஒருத்தர் முடிவை மற்றவரிடம் சொல்வதில்லை. அவளை நானும் என்னை அவளும் சந்தேகப்படவேண்டும் என்று எங்களுக்குள் ஏற்பாடு. இரண்டு செட்டிலும் தொடர்ந்து ஒன்றும் வளராமல் போன பிறகுதான் மருத்துவர் தலையசைத்தார்.

மறுவருடம் வைகாசி மாதம் ஒரு புதன்கிழமை. எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். கைக்குழந்தையாக வரவேண்டிய பெண், அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு காலில் கொலுசோடு தட்டுத்தடுமாறி நடந்து வந்தாள். ஆரத்தி சுற்றினார்கள். குமரவேல் கீழே உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினார். குழந்தை அவரை ஏற இறங்கப் பார்த்தது. தெருவுக்கு அந்தப்பக்கம் நிற்கிற ஆள் இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை அல்லவா? வீறிட்டு அழ ஆரம்பித்தது. அவர் தூக்கத் தூக்க இன்னும் உரக்க அழுதது. மாமனார் பதறிப்போய்க் குழந்தையை வாங்க வந்தார். தனம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குமரவேல் மட்டும் கொடுக்கவில்லை. திமிறுகிற பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தார்.

"அழுவட்டும் மாமா, வுடு. இம்மாம் சத்தம் போடுதே, நெஞ்சு எம்மாம் நல்லா இருக்கு பாரு."